சுவர் திறந்திருக்கும்போதே: வீட்டு இணைய வயரிங் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளில் இணையம், தொலைபேசி, கேமரா ஆகியவற்றுக்கான கேபிள்களைப் பதித்து வருகிறேன். வீட்டைப் புதுப்பிக்கும் அன்பர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, பழைய வீட்டில் சுவரை உடைத்து இரண்டு அறைகள் சேர்க்கிறோம். எல்லாம் வைஃபை ஆன பிறகு கேபிள் எதற்கு என்று மகன் கேட்கிறான்.

கைபேசிக்குக் கேபிள் வேண்டாம் என்பது உண்மைதான்; ஆனால் வைஃபையைப் பரப்பும் கருவிக்கே கேபிள் வேண்டும் என்பதை மகனிடம் சொல்லுங்கள். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் கொண்ட இரண்டு சுவர்களைக் கடப்பதற்குள் சோர்ந்துவிடும். நடுவில் ரிப்பீட்டர், அதாவது வைஃபை அலையை வாங்கி மறுபடியும் பரப்பும் கருவி, வைத்தால், வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால், வேகம் பெரும்பாலும் பாதியாகக் குறையும். வீட்டின் இரு கோடியிலும் கூரைக்கடியில் ஒவ்வொரு வைஃபை கருவி, அவற்றுக்குத் தனித்தனிக் கேபிள், அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் டிவிக்கும் மேசைக் கணினிக்கும் ஒவ்வொரு கேபிள் என்று கணக்கிடுங்கள். அந்தக் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.இ. ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வாங்கினால் கூரையடியில் தனி பிளக் தேவைப்படாது.

கேபிளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குழாய். பூச்சுக்குள் கேபிளை வெறுமனே புதைத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து அதை மாற்றச் சுவரை மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். 25 மில்லிமீட்டர் குழாயைப் பதித்து, வளைவுகளை அகலமாக விட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் போட்டு வைத்தால், நாளை எந்தக் கேபிள் வந்தாலும் இழுத்துக்கொள்ளலாம். பணம் குறைவாக இருந்தால் கேபிளை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளுங்கள், குழாயை மட்டும் இப்போதே பதித்துவிடுங்கள். எல்லாக் குழாய்களும், ரவுட்டரும் ஸ்விட்சும் இருக்கும் ஒரே மையப் பெட்டிக்கு வந்து சேர வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு என்று சங்கிலியாகக் கோக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ். இந்நாட்டில் அதன் பயன்பாடு 2008-இல் தடை செய்யப்பட்டது என்றாலும், முன்பே போட்ட கூரைகள் அப்படியே இருக்கின்றன. கேபிளுக்காக அதில் துளையிடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. கூரையின் ஓரப் பலகையும் மழைநீர் வடியும் குழாயும் அதே பொருளாக இருக்கலாம் என்பதால் செங்கல் சுவர் வழியாகவே உள்ளே கொண்டுவாருங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: கடையில் கேட்6 (Cat6) என்ற வகை இணையக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். விலை அவ்வளவு குறைந்தால் அது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாகத்தான் இருக்கும். வளைத்தால் எளிதில் ஒடியும், பி.ஓ.இ. மின்சாரத்தில் அதிகமாகச் சூடேறும். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழுச் செம்பில் செய்த கேட்6 வீட்டுக்குத் தாராளமாகப் போதும்: 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரையிலும், 10 கிகாபிட் வேகத்தை ஏறத்தாழ 55 மீட்டர் வரையிலும் தாங்கும்.

லெனேசியாவிலிருந்து: ஐயா, பின்கட்டில் அம்மாவுக்குத் தனி அறை கட்டுகிறோம். பெரிய வீட்டிலிருந்து மண்ணுக்கடியில் கேபிள் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் அது செம்பாக இருக்கக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் உறவினர் ஒருவரின் வீட்டையும் பின்கட்டையும் நான் செம்புக் கேபிளால் இணைத்தேன். ஒரு நவம்பர் மாலை, அருகில் எங்கோ விழுந்த மின்னலில் ரவுட்டர், கணினி, டிவி மூன்றும் கருகிவிட்டன. அந்த இழப்பு இன்றும் என் மனத்தில் இருக்கிறது. மின்னல் விழும் கணத்தில் இரண்டு கட்டடங்களின் எர்த் மின்னழுத்தமும் வேறுபட்டுவிடும். அந்த வேறுபாடு இரண்டையும் இணைக்கும் செம்பு வழியே பாய்ந்து கருவிகளை எரிக்கும். உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடைக்கால இடி எங்களுடையதைவிடக் கடுமையானது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளை மண்ணுக்கடியில் குழாய்க்குள் விட்டு, இரு முனையிலும் ஃபைபரின் ஒளியை மின் சமிக்ஞையாக்கும் ஒரு மாற்றிக் கருவி வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: மையப் பெட்டியை எங்கே வைப்பது? மின்வெட்டு வந்தால் இணையமும் போய்விடுகிறதே?

தெருவிலிருந்து ஃபைபர் நுழையும் இடத்துக்கு அருகில், காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். கூரைத் தகட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே வெயிலில் கொதிக்கும் இடம் வேண்டாம். விளக்கும் கற்பூரமும் ஏற்றும் பூஜை அலமாரியும் வேண்டாம், புகைக்கரி கருவிகளின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். அங்கே இரண்டு இரட்டை பிளக்குகளாவது வேண்டும். அவற்றைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனே போட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து பெரும்பாலும் 20 வாட் அளவே எடுப்பதால், 100 வாட்-மணி (Wh) கொண்ட சிறிய பேட்டரி, இடையில் வீணாவது போக, ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்த 2023-இல் பல வீடுகளைக் காப்பாற்றியது இந்தச் சிறிய பெட்டிதான்.

இசிபிங்கோ பீச்சிலிருந்து: வாசல் கேட்டில் கேமராவும் இன்டர்காமும் வேண்டும்.

கடற்காற்றின் உப்பு செம்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும். கருப்பு உறையும் உள்ளே ஜெல்லும் உள்ள வெளிப்புறக் கேபிளை வாங்குங்கள், இணைப்புகளை நீர்புகாத பெட்டிக்குள் அடக்குங்கள். கேட் மோட்டாரின் மின் கேபிளுக்கும் இதற்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள்.

டொங்காட்டிலிருந்து: மின் கம்பியையும் இணையக் கேபிளையும் ஒரே குழாயில் விடலாம் என்கிறார் எங்கள் வேலையாள். சரியா?

சரியல்ல. 230 வோல்ட் கம்பியின் உறை கிழிந்தால் அந்த அழுத்தம் குழந்தையின் கணினி வரை வந்துவிடும். பக்கத்தில் ஓடும் இடங்களில் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள், குறுக்கே போகும் இடத்தில் செங்கோணமாகக் கடத்துங்கள். பூச்சு பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து, இரண்டு முனைகளிலும் எண் எழுதி, சோதனைக் கருவியால் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் சோதித்துப் பாருங்கள். அதற்குப் பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.