முல்லர்கள் எல்லோரும் ஒரே வம்சமா?

கேள்வி: மொழியறிஞர் மாக்ஸ் முல்லர், கால்பந்து வீரர் கெர்ட் முல்லர், நோபல் பெற்ற ஹெர்ட்டா முல்லர்... இவர்கள் உறவினர்களா? முன்னோரைத் தேடுவது எப்படி?

பதில்: உறவு இருப்பதாகத் தெரியவில்லை. முல்லர் என்றால் மாவரைக்கும் ஆலைக்காரர். ஜெர்மனியில் மிக அதிகமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் இதுதான். குடும்பப் பெயர்கள் உருவான காலத்தில் அங்கே உழவர்கள்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் ஊரே உழும்போது ‘உழவர்’ என்றால் யாரைச் சொல்வது? ஆலைக்காரரோ பெரும்பாலும் ஊருக்கு ஒருவர். பல பகுதிகளில், நிலப்பிரபுவின் ஆலையில்தான் தானியம் அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. அதனால் அவரை அறியாதவர் இல்லை. இப்படி ஊர் ஊராகத் தனித்தனியே பிறந்த பெயர் இது.

வடக்கே மோலர், தெற்கே சில இடங்களில் மில்லர். படித்தவர்கள் லத்தீனில் மோலிட்டோர் என்றும் மாற்றிக்கொண்டார்கள்.

தேடும்போது பெயரைவிட ஊர்தான் முக்கியம். ஊர் தெரியாமல் இறங்கினால் வேறு முல்லரின் பரம்பரையில் போய் நிற்பீர்கள். ஜெர்மனி முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1876-இல் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான். அமெரிக்கா போனவர்கள் பலர் மில்லர் ஆகிவிட்டதால், எல்லா எழுத்து வடிவங்களிலும் தேடுங்கள்.