பேசவிட்டால் ஊர்க் கதை, பாடம் எடுத்தால் தூக்கம்: மாலை வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு மாலையில் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறேன். முதலில் இருபது பேர் வந்தார்கள், இப்போது ஐந்தாறு பேர்தான். புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. உரையாடல் முறையில் நடத்தச் சொல்கிறார்கள். பேசவிட்டால் ஊர்க் கதையில் நேரம் போய்விடுகிறது, எழுத்து நகர்வதில்லை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: அந்த ஊர்க் கதைக்குள்தான் உங்கள் பாடம் இருக்கிறது. புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு வாரம் அவர்கள் பேசுவதைக் கேட்டு, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தச் சொல் வந்ததும் குரல் உயர்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூலி, எடை, தண்ணீர், காட்டெருமை, பி.எஃப்., கடன் என்று பத்துப் பதினைந்து சொற்கள் தேறும்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே செய்ததும் இதுதான். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்தறிவு தர முனைந்தார். அந்த மக்களின் பேச்சிலிருந்தே சொற்களைப் பொறுக்கினார். அந்தச் சொல் குறிக்கும் வாழ்க்கையைப் படமாகக் காட்டிப் பேசவைத்தார், பிறகு சொல்லை அசை அசையாகப் பிரித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்று அங்கே வாக்குரிமை இல்லை. 1964-இல் ராணுவ ஆட்சி வந்ததும் திட்டம் நின்றது, அவர் சிறைக்குப் போனார். எழுத்தோடு கேள்வியும் சேர்ந்தால் அதற்கு எவ்வளவு வலு என்று ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழுக்கு இந்த முறை மிக நன்றாகப் பொருந்தும். நம் எழுத்தே அசை எழுத்து. 'கூலி' என்ற சொல்லை எடுங்கள். கூ வழியாக க வரிசையையும் லி வழியாக ல வரிசையையும் அட்டையில் எழுதி நடுவில் வைத்து, இந்த எழுத்துகளைக் கொண்டு வேறு என்ன சொல் வரும் என்று கேளுங்கள். காலை வரும், காலி வரும், கேலி வரும், கிலோ வரும். இ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் இலையும் வந்துவிடும். ஒரே சொல்லிலிருந்து அவர்களுடைய வேலை நாள் முழுவதும் வெளிவருகிறது, அதுவும் அவர்கள் வாயாலேயே. 'கொழுந்து' எவ்வளவு நெருக்கமான சொல்லானாலும் அதில் தொடங்காதீர்கள். ழுவும் ந்துவும் புதிதாகக் கற்பவரைத் திணறடிக்கும். இரண்டு மாதம் போகட்டும்.

எழுத்துக்கு முன்னால் வரும் பேச்சைத்தான் நீங்கள் கொஞ்சம் கட்ட வேண்டும். இலை எடை போடும் காட்சியைக் கோட்டோவியமாக வரைந்து மாட்டுங்கள். உங்கள் தோட்டத்துப் புகைப்படம் வேண்டாம், முகம் தெரிந்தால் பேச்சு அடங்கிவிடும். படத்தில் என்ன தெரிகிறது என்று தொடங்கி, இது நம்மிடமும் நடக்கிறதா, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். 'ஏன்' என்ற கேள்வியை அவசரமாகத் தாண்டுகிற இடத்தில்தான் பேச்சு வம்பாகிறது. அங்கேயே நின்று, இன்னும் இரண்டு பேரின் பதிலைக் கேளுங்கள்.

விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். 'கை கழுவுவது நல்லதுதானே?' என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அது பிரசங்கம்தான். எடை விஷயத்திலும் தோட்டத்தார் ஏமாற்றுகிறார்கள் என்ற முடிவோடு போகாதீர்கள். மழைக் காலத்தில் ஈர இலைக்கு எடை கழிக்கிறார்கள். பை எடையும் கழிகிறது. எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொருவரும் அன்றன்று பறித்த கிலோவைத் தேதி போட்டு எழுதட்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணும் கூட்டலும் கழித்தலும் அங்கே தானாக வரும். பி.எஃப். கணக்கின் 12 இலக்க எண்ணைத் தன் கையால் எழுதிப் பார்க்கும் பெண்ணுக்குத் தனியாக ஊக்கம் தேவைப்படாது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கற்றது மறுநாளே கை கொடுத்தது, கூட்டம் வந்தது.

யாராவது நல்ல வாக்கியம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். 'மழையில நின்னாலும் எடைதான் பேசுது' என்றால் அப்படியே. செந்தமிழாகத் திருத்தினால் அது உங்கள் வாக்கியமாகிவிடும். படுக மொழி பேசுபவர்களும் இருளர் பழங்குடியினரும் வந்தால் அவரவர் மொழியில் பேசட்டும், எழுத்து மட்டும் தமிழில் போகட்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. கூலியைப் பற்றிப் பேசும் அன்று மேஸ்திரியோ அவர் வீட்டாரோ அறையில் இருந்தால் தலைப்பை மாற்றிவிடுங்கள். யார் என்ன சொன்னார் என்று வெளியே சொல்லாதீர்கள், செல்போனில் பதிவு செய்யாதீர்கள். தோட்டத்தாரிடம் எதையாவது கேட்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விளைவு அவர்கள் தலையில்தான் விடியும். வேலையைப் பற்றிக் கேட்கத் தயங்கினால் தண்ணீர்க் குழாயில் தொடங்குங்கள். உங்கள் இடம் கிராம ஊராட்சிக்குள் வந்தால் ஆண்டில் ஆறு முறை கிராம சபை உண்டு; மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கூட்டம் அதில் ஒன்று. தாங்களே எழுதிய நான்கு வரி மனுவை ஒருவர் எழுந்து வாசிக்கும் அளவுக்கு வகுப்பைத் தயார் செய்யுங்கள்.

நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு நீங்களும் பாயில் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் ஒரு சொல்லாவது எழுதிய பிறகே எழ வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரசுப் பாடப் புத்தகத்தை மூன்றாவது மாதம் எடுங்கள். தேர்வுக்கு அது தேவை, அதற்குள் பாதி எழுத்துகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.