உணவை மாற்றினால் செரிமான நொதிகளும் மாறுமா?

சாப்பாட்டு முறை மாறும்போது, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கையாளும் நொதிகளும் மாறுமா என்றால், மாறும். நொதி என்பது உடலில் ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். தேவைக்கேற்ப உடல் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் சுக்ரேஸ் என்னும் நொதி, தே தாரிக் எனும் பால் தேநீரில் நாம் கலக்கும் சீனியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. சீனி மிகுந்த உணவைத் தொடர்ந்து உண்டால் அதன் செயல்பாடு சில நாள்களில் உயர்கிறது. உட்சுவரின் செல்கள் ஏறக்குறைய 3 முதல் 5 நாள்களில் புதுப்பிக்கப்படுவதால், ஒரே வேளை உணவில் இம்மாற்றம் தெரிவதில்லை.

கல்லீரலில் நடப்பது இன்னும் விரைவானது. சோறு சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், குளுக்கோஸைச் செல்லுக்குள் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் நொதியின் உற்பத்தியைத் தூண்டுகிறது. நோன்பிருக்கையில் அது குறைந்து, குளுக்கோஸை உருவாக்கும் நொதிகளின் கை ஓங்குகிறது. உண்ணாத நேரத்திலும் இரத்தத்தில் சர்க்கரை வற்றாமல் காக்கும் இந்த ஏற்பாடே, என் பார்வையில், மிக அருமையானது. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தின் பரோட்டாக் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலை வரிசை நீள்வதைக் கண்டு கல்லருகே இன்னோர் ஆளை நிறுத்தி, கூட்டம் கலைந்ததும் அவரை வேறு வேலைக்கு அனுப்புவது போன்றது இது.

ஆனால், பாலைத் தொடர்ந்து குடித்தால் பாலிலுள்ள சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி பெருகும் என்று பலர் நம்புவது சரியன்று. அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது, பழகியபின் பால் ஓரளவு ஒத்துக்கொள்வது பெருங்குடல் பாக்டீரியாக்கள் மாறுவதால்தான்.