டூயல் பூட் என்றால் என்ன? விண்டோஸை அழிக்காமல் உபுண்டு போட முடியுமா?

முடியும். ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு (ஒரு வகை லினக்ஸ்) போன்ற இரண்டு இயங்குதளங்களை வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். காலையில் பள்ளியும் மாலையில் டுடோரியலும் நடக்கும் கட்டடம் போல: பெஞ்சுகள் பொது, அலமாரிகள் தனித்தனி. பெஞ்சு என்பது ராமும் பிராசசரும். ஆன் செய்யும்போது தேர்ந்தெடுத்த தளம் அவற்றை முழுதாக எடுத்துக்கொள்வதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அலமாரி, டிஸ்கில் பிரித்த பகுதி. உபுண்டுவுக்கு 25 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

போடும் வரிசை: விண்டோஸ் முதலில், உபுண்டு அப்புறம். ஏனெனில் உபுண்டுவோடு வரும் கிரப், அதாவது ஆன் செய்யும்போது தளத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனு, விண்டோஸையும் காட்டும். விண்டோஸ் தானாக லினக்ஸைத் தேடாது. டிஸ்கைப் பிரிக்கும் முன் கோப்புகளைக் கட்டாயம் வெளியே பேக்கப் எடுங்கள். பாதியில் கரண்ட் போனால் எல்லாமே போகலாம்.

இரண்டு தளம் இருந்தால் கணினி மெதுவாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஓடாத தளம் டிஸ்கில் இடத்தை மட்டுமே பிடிக்கும், வேகத்தை அல்ல.