பாறைத்துளைப் பரப்பின் மின்தன்மையும் வெப்பநிலையும்: கேள்வி பதில்

கேள்வி: நீர் நிறைந்த மணற்கல்லைச் சூடாக்கினால் அதன் மின்கடத்தல் கூடுகிறது. துளைநீர் மட்டுந்தான் காரணமா, துளைச்சுவர்களுக்கும் பங்கு உண்டா?

பதில்: இரண்டுக்கும் பங்கு உண்டு. நடுநிலையான நீரில், மணற்கல்லின் முதன்மைக் கனிமமான குவார்ட்ஸின் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அதை ஈடுசெய்யும் நேர்மின் அயனிகள் சுவரையொட்டித் திரள்வதால் மின் இரட்டை அடுக்கு உருவாகிறது. நீரின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1 மில்லிபாஸ்கல்-நொடி. 100 டிகிரியில் அது 0.28 ஆகக் குறைந்துவிடுவதால், நடுத்துளை அயனிகளும் சுவரோர அயனிகளும் முன்னிலும் எளிதாக நகர்கின்றன. அறை வெப்பநிலையை ஒட்டித் துளைநீரின் கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2 விழுக்காடு உயரும். உப்பு குறைந்த நீரிலும் களிமண் மிகுந்த பாறையிலும் சுவர்வழிக் கடத்தலைப் புறக்கணிப்பது பெரும்பிழையாகும்.

கேள்வி: இரட்டை அடுக்கின் தடிமனும் மாறுமா?

பதில்: சிறிதளவே. அத்தடிமன், நீரின் மின்காப்பு மாறிலியையும் (மின்புலத்தை நீர் எவ்வளவு தணிக்கிறது என்பதைக் காட்டும் எண்) தனிவெப்பநிலையையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 20 முதல் 100 டிகிரிக்குள் முன்னது 80இலிருந்து 55 அளவுக்குச் சரிய, பின்னது 293இலிருந்து 373 கெல்வினுக்கு ஏறுவதால், உப்புச்செறிவு மாறாதவரை தடிமன் 6 விழுக்காடு அளவே சுருங்கும்.

கேள்வி: வெப்பத்தால் சீட்டா மின்னழுத்தத்தின் (சுவரோடு ஒட்டி நிற்கும் நீருக்கும் நகரும் நீருக்கும் இடையிலான எல்லையில் நிலவும் மின்னழுத்தம்) அளவு கூடுகிறது என்று சிலரும் குறைகிறது என்று சிலரும் கூறுகின்றனர். எதை ஏற்பது?

பதில்: இவ்விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. அயனிகளின் நகர்வு வெப்பத்தோடு சீராக உயர்கிறது. பரப்பின் மின்னூட்டமோ பிஎச் மதிப்பைச் சார்ந்தது, அந்த மதிப்பும் சூட்டில் நிலையாக நிற்பதில்லை. தூய நீரின் நடுநிலைப் புள்ளி 25 டிகிரியில் 7 என்றால், 100 டிகிரியில் ஏறக்குறைய 6.1 ஆகிவிடுகிறது. அத்துடன் சிலிக்கா கூடுதலாகக் கரைந்து துளைநீரின் இயைபையே மாற்றுகிறது. பிஎச் குறைந்தால் குவார்ட்ஸின் எதிர்மின்னூட்டமும் குறையும் என்பதால், வெப்பத்தின் நேரடி விளைவும் பிஎச் வழியே வரும் விளைவும் ஒன்றையொன்று மறைத்துவிடக்கூடும். சுண்ணாம்புப் பாறையின் கனிமமான கால்சைட்டின் பரப்பில் கால்சியம் அயனிகளின் செறிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தந்த வெப்பநிலையிலேயே அளந்த பிஎச் மதிப்பு குறிப்பிடப்படாத சீட்டா எண்களை நான் ஒப்பிடுவதில்லை. அந்த ஒப்பீடு எவரையும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

கேள்வி: பாகுநிலை இவ்வளவு குறையும்போது, நீரை அழுத்திச் செலுத்துகையில் தோன்றும் மின்னழுத்தமும் பெரிதும் கூட வேண்டாமா?

பதில்: வேண்டியதில்லை. அழுத்த வேறுபாட்டின் ஒவ்வோர் அலகுக்கும் கிடைக்கும் மின்னழுத்தம், பாகுநிலை, கடத்துதிறன் ஆகிய இரண்டுக்கும் எதிர்விகிதத்தில் அமைகிறது. ஒன்று குறையும் அளவுக்கு மற்றொன்று கூடுவதால் அவற்றின் பெருக்குத்தொகை அதிகம் மாறுவதில்லை. அம்மின்னழுத்தத்தை மாற்ற எஞ்சுவன மின்காப்பு மாறிலியும் சீட்டா மின்னழுத்தமுமே. ஆயினும், கணக்கில் துளைநீரின் கடத்துதிறனை மட்டும் இட்டால் சுவர்வழிக் கடத்தல் விடுபட்டு, சீட்டா மதிப்பு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்; ஆகவே நீர் நிறைந்த பாறைத்துண்டின் கடத்துதிறனையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் தனியே அளந்துகொள்ளுங்கள்.