இரவுக் காட்சிகள் இருண்டு தெரிவது ஏன்?

கேள்வி: புதிதாக வாங்கிய எல்.இ.டி. டிவியில் இரவுக் காட்சி வந்தால் முகங்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடுகிறது. சோதனைப் படங்களைக் கொண்டு சரிசெய்யலாம் என்கிறார்களே, எப்படி?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் கூட்டியது வெளிச்சத்தை அல்ல, கறுப்பின் அளவை. பெரும்பாலான டிவிகளில் பிரைட்னஸ் கறுப்பு தொடங்கும் இடத்தையும் கான்ட்ராஸ்ட் வெள்ளையின் உச்சத்தையும் நிர்ணயிக்கின்றன. அறைக்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டியது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு. (சோனியின் அண்மைக்கால டிவிகளில் பேக்லைட்டுக்கே பிரைட்னஸ் என்று பெயர், கறுப்பைச் சரிசெய்வது அங்கே பிளாக் லெவல்.)

கடைக்காரர்களுக்கு மட்டுமே பயன்படும் விவிட் முறையை விட்டு சினிமா முறைக்கு மாறுங்கள். வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதிகளை அணைத்துவிட்டு, டிவி அரை மணி நேரம் ஓடிய பிறகு, வழக்கமாகப் படம் பார்க்கும் விளக்கொளியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

கறுப்புக்கு உதவுவது, பி.பி.சி.யில் உருவான புளூஜ் என்ற சோதனைப் படம். ஒளியின் அளவை 0 முதல் 255 வரையான எண்களால் குறிக்கும் 8 பிட் வீடியோவில் 16 என்பது கறுப்பு, 235 என்பது வெள்ளை. புளூஜில் கறுப்புப் பின்னணியின் மேல், அதைவிடச் சற்றே இருண்ட பட்டை ஒன்றும் சற்றே வெளிறிய பட்டை ஒன்றும் இருக்கும். இரண்டும் தெரியும்வரை பிரைட்னஸைக் கூட்டி, பிறகு ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இருண்ட பட்டை பின்னணியோடு கரைந்து வெளிறியது மட்டும் மங்கலாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். இருண்ட பட்டை எந்த அளவிலும் தெரியாவிட்டால் கவலை வேண்டாம்; சில கருவிகள் அதை அனுப்புவதே இல்லை.

ஆனால் வெளிறிய பட்டையும் மறைந்தே கிடந்தால், கணினியோ செட்டாப் பாக்ஸோ 0 முதல் 255 வரையான முழு வீச்சில் படத்தை அனுப்ப, டிவி 16 முதல் 235 வரையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் வீட்டுக் கோளாறுக்கும் இதுவே காரணம் என்று ஐயப்படுகிறேன், எச்.டி.எம்.ஐ. அமைப்பில் இரு கருவிகளையும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவாருங்கள். படம் பார்க்கும் அதே கருவி வழியாகவே சோதனைப் படத்தையும் ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

கான்ட்ராஸ்ட் எளிது: 235ஐ ஒட்டிய வெள்ளைப் பட்டைகள் ஒன்றோடொன்று கலக்காமல், இளஞ்சிவப்புச் சாயலும் ஏறாமல் இருக்கும் உச்ச அளவு போதும். ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும் என்பதால் பிரைட்னஸை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வீச்சு கொண்ட எச்.டி.ஆர். படங்களுக்கான அமைப்பு தனி.

இத்தனைக்குப் பிறகும் இருட்டறையில் கறுப்பு வெளிறியே தெரிந்தால், அது ஐ.பி.எஸ். வகைத் திரையாக இருக்கலாம். அவ்வகையின் இயல்பு அது. டிவிக்குப் பின்னால் சிறு விளக்கொன்றை எரியவிட்டால் உறுத்தல் குறையும்.