வாடிக்கையாளர் எண்ணிக்கை விற்பனை அறிக்கையில் ஒன்று, நிதி அறிக்கையில் வேறொன்று. தரவு நிர்வாக மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. விற்பனைப் பிரிவு பதிவு செய்த எல்லோரையும் எண்ணும். நிதிப் பிரிவு பில் போட்டவர்களை மட்டும் எண்ணும். பெரும்பாலும் சிக்கல் இந்த வரையறையில்தான். மென்பொருள் முரண்பாட்டைக் காட்டும், தீர்க்காது.

நிர்வாகக் குழுவுக்குப் போகும் அறிக்கைகளில் தொடங்குங்கள். அவற்றில் தகராறு வரும் பத்துப் பதினைந்து தரவுப் புலங்களுக்கு (வாடிக்கையாளர் எண்ணிக்கை போன்ற தனித்தனித் தகவல்களுக்கு) மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொறுப்பாளரை நியமியுங்கள். அவர் ஐடி பிரிவில் இருக்க வேண்டாம். தரவைப் பாதுகாப்பது ஐடி வேலை, அதன் பொருளை முடிவுசெய்வது அதைப் பயன்படுத்தும் பிரிவின் வேலை. வரையறை, மூல அமைப்பு (தரவு முதலில் பதிவாகும் மென்பொருள்), மாற்றும் உரிமை மூன்றையும் எழுத்தில் வையுங்கள். பிரிவுகள் உடன்படாவிட்டால் யார் சொல்வது இறுதி என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இது விடுபட்டால் முடிவெடுப்பதே முடங்கிவிடும்.

இரட்டைப் பதிவு, காலிப் புலம் போன்றவற்றைத் தரவு நுழையும் இடத்திலேயே தடுங்கள். அறிக்கையில் திருத்தினால் அடுத்த முறை அதே பிழை திரும்ப வரும்.